தண்ணீர் 95 டிகிரியில் கொதிக்கும் ஊர்

தமிழ்நாட்டில் பிளஸ் டூ அறிவியல் பிரிவு படித்த யாரிடமாவது ரெக்கார்டு நோட்டைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். முந்தைய வருடத்து அண்ணனோ அக்காவோ எழுதிய நோட்டு ஒன்று கைமாறி வரும். இடது பக்கம் பென்சிலில் படம். வலது பக்கம் நோக்கம், தேவையான பொருள்கள், செய்முறை, அட்டவணை, முடிவு. அட்டவணைக்குள் இருக்கும் எண்களும் அந்தப் பழைய நோட்டிலிருந்தே வரும். தனி ஊசல் சோதனையில் புவியீர்ப்பு முடுக்கம் 9.8 வர வேண்டும் என்பது முன்கூட்டியே தெரியும். அதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு அலைவு நேரத்தை நிரப்பிய பிள்ளைகள் எத்தனையோ தலைமுறை.

அந்தப் பிள்ளைகளையோ, கையெழுத்துப் போட்ட ஆசிரியர்களையோ குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மதிப்பெண் முறை எதைக் கேட்டதோ அதைத்தான் அவர்கள் கொடுத்தார்கள். இன்று பிளஸ் டூ இயற்பியலில் எழுத்துத் தேர்வுக்கு 70, செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10. பத்தாம் வகுப்பு அறிவியலில் எழுத்துத் தேர்வுக்கு 75, செய்முறைக்கு 25. செய்முறைக்கு இடம் இல்லாமல் இல்லை. எதைப் பார்த்து அந்த மதிப்பெண்ணைப் போடுகிறோம் என்பதுதான் கேள்வி. செய்முறையில் முழு மதிப்பெண் வாங்காத பிள்ளையைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும் என்றால், அந்த 20ஐயும் 25ஐயும் வைத்து ஒரு பள்ளியில் அறிவியல் எப்படி நடக்கிறது என்று யாரும் சொல்லிவிட முடியாது.

இந்த யோசனையோடுதான் ஏற்காட்டுக்கு உள்ளே ஒரு மலைக் கிராமத்து நடுநிலைப் பள்ளிக்குப் போனேன். பிள்ளைகளில் பாதிப் பேர் மலையாளிப் பழங்குடிக் குடும்பங்கள். மீதிப் பேரின் அப்பா அம்மா காபி எஸ்டேட்டில் வேலை பார்ப்பவர்கள். ஏழாம் வகுப்பில் வெப்பமானி பாடம். டீச்சர் மேசையில் ஸ்பிரிட் விளக்கு, முக்காலி, கண்ணாடிக் குடுவை, ஒரு வெப்பமானி எல்லாம் தயாராக இருந்தன. பிள்ளைகள் நாலு நாலு பேராக வந்து அளவைப் படித்து, நோட்டில் எழுதிக்கொண்டு போனார்கள்.

தண்ணீர் தளதளவென்று கொதித்தது. வெப்பமானி 95க்குப் பக்கத்தில் வந்து நின்றது. அதற்கு மேல் ஏறவில்லை.

முன் வரிசையில் ஒரு சிறுமி 95 என்று எழுதினாள். பக்கத்திலிருந்தவளின் நோட்டை எட்டிப் பார்த்தாள். பிறகு ரப்பரை எடுத்துத் தாள் நைந்துபோகும் அளவுக்குத் தேய்த்து அழித்துவிட்டு, 100 என்று எழுதினாள். ஏன் கண்ணு அழிச்சே என்று கேட்டேன். "புக்குல நூறுன்னு இருக்கு சார். இந்தத் தெர்மாமீட்டர் தப்பா காட்டுது."

அவளுடைய வெப்பமானியில் எந்தத் தப்பும் இல்லை. ஏற்காடு கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தலைக்கு மேலே நிற்கும் காற்று அந்த அளவுக்குக் குறைவு. கடற்கரையில் உள்ள காற்றழுத்தத்தில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு இங்கே இல்லை. நீராவியின் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தை எட்டும்போதுதான் தண்ணீர் கொதிக்கும். அழுத்தம் குறைந்த இடத்தில் அது சீக்கிரமே எட்டிவிடும். தோராயமாக 300 மீட்டர் ஏறினால் கொதிநிலை ஒரு டிகிரி இறங்கும். அதே வெப்பமானியை எடுத்துக்கொண்டு பஸ் ஏறி, 20 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கிச் சேலத்தில் வைத்துப் பார்த்தால் 99 காட்டும். புத்தகத்தில் இருக்கும் 100 கடல் மட்டத்துக்கான எண். அந்தச் சிறுமி தன் கண்ணால் பார்த்ததை எழுதியிருந்தாள். இந்த மலையின் உயரத்தையே அவள் அளந்துவிட்டிருந்தாள். பீடபூமிகளையும் மலைகளையும் அளந்து வரைபடம் போட்ட பழைய சர்வே ஆட்கள் ஒரு காலத்தில் இதைத்தான் செய்தார்கள். உச்சியில் அடுப்பு மூட்டித் தண்ணீர் கொதிக்கவைத்து, வெப்பமானியைப் பார்த்து உயரம் கணக்கிட்டார்கள்.

இதை வகுப்பு முடிந்ததும் டீச்சரிடம் சொன்னேன். அவருக்குத் தெரியாத விஷயம் இல்லை. "எனக்குத் தெரியும் சார். ஆனா பரீட்சையில இந்தப் பொண்ணு 95ன்னு எழுதினா கீழே பேப்பர் திருத்துறவங்க மார்க் போடுவாங்களா? போடலைன்னா அவங்க அம்மாகிட்ட நான் என்ன சொல்றது?" நியாயமான கேள்வி. இதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் அந்த டீச்சர் இல்லை.

அப்புறம் அவர் செய்த காரியத்தை நான் மறக்க மாட்டேன். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அலமாரியிலிருந்து இன்னொரு வெப்பமானியை எடுத்து, இரண்டையும் ஒன்றாக வைத்து மறுபடி கொதிக்கவைத்தார். இரண்டும் 95தான் காட்டின. ஒரு பையன் எழுந்து, "அப்போ எங்க வீட்டு அடுப்புலயும் இவ்வளவுதானா டீச்சர்? அதான் குக்கர் இல்லாம பருப்பு வேக மாட்டேங்குதுன்னு எங்கம்மா சொல்லுமா?" என்றான். வகுப்பே திரும்பி அவனைப் பார்த்தது. 1835இல் சார்லஸ் டார்வின் ஆண்டிஸ் மலையைக் கடந்தபோது இரவு முழுக்க அடுப்பில் கிடந்த உருளைக்கிழங்கு காலையிலும் வேகாமல் இருந்தது. உடன் வந்தவர்கள் புதுப் பானையின் மேல் பழி போட்டார்கள். இந்தப் பையன் பானையைப் பழிக்கவில்லை, காரணத்தைத் தேடினான். அந்த நேரத்தில் அங்கே ஒரு மதிப்பீட்டுக் குழு இருந்திருந்தால் அதன் படிவத்தில் இதை எந்தக் கட்டத்தில் எழுதியிருக்கும்?

நம்மிடம் மதிப்பீடுகளுக்குப் பஞ்சமே இல்லை. தேசிய அடைவு ஆய்வு 2021 நவம்பரில் நடந்தது. அதன் தொடர்ச்சியாக 2024 டிசம்பரில் 'பரக்' ஆய்வு. நாலு விடையில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகளே இவற்றில் பெரும்பாலும். மாவட்டச் சராசரி கிடைக்கும், அதற்கு ஒரு பயனும் உண்டு. ஆனால் 95ஐ அழித்த பிள்ளையும் 95ஐ அழிக்காத பிள்ளையும் அந்தத் தாளில் ஒரே கட்டத்தைத்தான் கறுப்பாக்குவார்கள்.

பன்னாட்டுத் தேர்வான பிசா கதையைப் பலர் மறந்திருப்பார்கள். அதன் 2009ஆம் ஆண்டுச் சுற்றின் நீட்டிப்பில் இந்தியாவிலிருந்து தமிழ்நாடும் இமாச்சலப் பிரதேசமும் கலந்துகொண்டன. தேர்வு 15 வயதுப் பிள்ளைகளுக்கு. முடிவு 2011 டிசம்பரில் வந்தது. அறிவியலில் தமிழ்நாட்டின் சராசரி 348. வளர்ந்த நாடுகளின் சராசரி 501. அடிப்படை நிலையை எட்டியவர்கள் நம்மில் 100க்கு 16 பேர்தான். பட்டியலில் இருந்த 74 நாடுகள், பகுதிகளில் நாம் கடைசி வரிசையில் நின்றோம். கேள்விகள் நம் பிள்ளைகளின் சூழலுக்கு அந்நியமானவை என்று சொல்லி இந்தியா அடுத்த சுற்றிலிருந்து விலகிக்கொண்டது. அந்தக் குறையில் உண்மை உண்டு என்றே நானும் நினைக்கிறேன். ஆனால் அதே அளவுகோலை நம் பாடத்துக்கும் வைக்க வேண்டும் அல்லவா? ஏற்காட்டுப் பிள்ளைக்கு அந்த நூறு டிகிரியும் அந்நியமானதுதான்.

இந்த மலை முழுக்க அப்படி எத்தனையோ இருக்கின்றன. பத்தாம் வகுப்பில் அலுமினியத்தின் முக்கியத் தாது எது என்று கேட்பார்கள். பாக்சைட் என்று பிள்ளைகள் சரியாக எழுதிவிடுவார்கள். ஏற்காடு இருக்கும் இந்தச் சேர்வராயன் மலையின் உச்சிப் பகுதிகளில் மண்ணுக்கடியில் கிடப்பதே பாக்சைட்தான். மேட்டூர் மால்கோ அலுமினிய ஆலைக்கு இங்கேயிருந்தும் கொல்லிமலையிலிருந்தும் லாரி லாரியாகப் போயிருக்கிறது. அடியில் இருப்பது சார்னோக்கைட் பாறை. அது மழையிலும் வெயிலிலும் நெடுங்காலம் கரைந்து, மற்றவற்றில் பெரும்பகுதி கழுவிப்போய், அலுமினியம் செறிந்து நின்ற மிச்சமே பாக்சைட். அந்தச் செந்நிறக் கல்லைக் கையில் எடுத்துப் பார்க்காமலேயே இந்த மலைப் பிள்ளை ஒரு மதிப்பெண் வாங்கிவிடுகிறான் என்றால், அந்த ஒரு மதிப்பெண் எதை அளந்தது?

காபியும் அப்படித்தான். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காலத்தில் வந்த பயிர் இது. பழம் பறித்துப் பல்பரில் தோலை நீக்கிய பிறகும் கொட்டையின் மேல் வழவழப்பு ஒட்டிக்கொண்டிருக்கும். தொட்டியில் போட்டு வைத்தால் நுண்ணுயிர்கள் அதைக் கரைக்கும். எவ்வளவு நேரம் என்பது குளிரைப் பொறுத்தது. எஸ்டேட்டில் வேலை பார்க்கும் அம்மாக்கள் கடிகாரம் பார்ப்பதில்லை. கையை விட்டு ஒரு பிடி அள்ளித் தேய்ப்பார்கள். கூழாங்கல்போல நறநறவென்று உரசினால் கழுவலாம், வழுக்கினால் இன்னும் கிடக்கட்டும். நொதித்தலும் வெப்பநிலையும் வேதிவினையின் வேகமும் அந்த ஒரு பிடிக்குள் இருக்கின்றன. ஒரு வெப்பமானியும் ஒரு நோட்டும் கொடுத்துவிட்டால் டிசம்பரில் எத்தனை மணி நேரம், பிப்ரவரியில் எத்தனை மணி நேரம் என்று ஒரு எட்டாம் வகுப்புப் பிள்ளை தன் அம்மாவோடு சேர்ந்தே அட்டவணை போட்டுவிடும். எந்தப் பழைய நோட்டிலும் இல்லாத எண்கள் அவை. யாரைப் பார்த்தும் எழுத முடியாது.

2022 நவம்பர் 28 அன்று திருச்சி காட்டூரில் முதலமைச்சர் தொடங்கிவைத்த வானவில் மன்றத்தை நான் மனதார வரவேற்றவன். ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை உள்ள 13,210 அரசுப் பள்ளிகளுக்கு 710 கருத்தாளர்கள் சோதனைப் பொருள்களோடு நேரில் போகும் திட்டம். ஏற்காட்டில் 1917இல் தொடங்கிய மான்ட்ஃபோர்ட் போன்ற பள்ளிகளும் உண்டு, மாலை பஸ்ஸைத் தவறவிட்டால் டீச்சர் வீடு திரும்ப முடியாத கிராமத்துப் பள்ளிகளும் உண்டு. இரண்டாவது வகைப் பள்ளியில் ஒரு குடுவையும் விளக்கும் வந்து இறங்குவதே பெரிய காரியம். அதனால்தான் இந்தத் திட்டம் நன்றாக அளக்கப்பட வேண்டும் என்று கேட்கிறேன். எத்தனை பள்ளிக்குப் போனார்கள், எத்தனை சோதனை காட்டினார்கள், எத்தனை புகைப்படம் ஏற்றினார்கள் என்று கேட்டால் அந்த எண்கள் கட்டாயம் கிடைக்கும். கருத்தாளர் போன மறுநாள் அந்தச் சோதனையைப் பிள்ளைகள் தாங்களாகச் செய்து பார்த்தார்களா, வேறு விடை வந்ததா, வந்தபோது என்ன செய்தார்கள்? யாராவது கேட்டால்தான் இதெல்லாம் தெரியும்.

இப்படிக் கேட்ட ஒரு திட்டம் நம் நாட்டிலேயே முப்பது ஆண்டுகள் நடந்தது. 1972இல் மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத்தில் கிஷோர் பாரதி என்ற அமைப்பும் ரசூலியாவின் ஃபிரண்ட்ஸ் ரூரல் சென்டரும் சேர்ந்து 16 நடுநிலைப் பள்ளிகளில் அதைத் தொடங்கின. 1978இல் மாவட்டம் முழுக்கப் பரவியது. 1982க்குப் பிறகு ஏகலவ்யா அமைப்பு பொறுப்பேற்றது. சோதனை செய்து, கலந்து பேசி, பிள்ளைகளே முடிவுக்கு வருவதுதான் பாடம். எட்டாம் வகுப்புத் தேர்வுக்குப் புத்தகத்தையும் தங்கள் நோட்டையும் கொண்டுபோகலாம். செய்முறைத் தேர்வும் தனியாக உண்டு. பார்த்து எழுத முடியாத கேள்விகளாகக் கேட்டார்கள், அதனால் புத்தகம் கையில் இருந்தால் என்ன? பிள்ளைகளின் சந்தேகக் கடிதங்களுக்கு 'சவாலிராம்' என்ற பெயரில் பதில் போகும். ஆசிரியர்கள் மாதந்தோறும் கூடி, எந்தச் சோதனை சரியாக வரவில்லை என்று பேசுவார்கள். 2002இல் மாநில அரசு அதை நிறுத்திவிட்டது. வழக்கமான பொதுத்தேர்வு என்ற அளவுகோலை வைத்துக்கொண்டு அந்தப் பிள்ளைகளைப் பார்த்தவர்களுக்கு அவர்கள் கற்றது கண்ணில் படவில்லை. இன்றும் எனக்கு அது ஆறவில்லை.

ஆகவே ஏற்காட்டுக்கு மதிப்பீட்டுக்கு வரும் அதிகாரிகளிடம் சில விஷயங்களைக் கேட்டுக்கொள்கிறேன். பதிவேட்டைப் பிறகு பாருங்கள். முதலில் ஒரு வகுப்பின் நோட்டுகளை எல்லாம் வாங்கி, ஒரே சோதனையின் பக்கத்தைப் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வையுங்கள். முப்பது பிள்ளைகளுக்கும் ஒரே எண் வந்திருந்தால் அங்கே சோதனை நடக்கவில்லை. எண்கள் கொஞ்சம் முன்னே பின்னே இருந்து, ஒன்றிரண்டு பிள்ளைகள் ஓரத்தில் 'ஏன்?' என்று எழுதியிருந்தால் அந்த டீச்சருக்கு ஒரு பாராட்டுக் கடிதம் கொடுங்கள். அவருக்கு மாறுதல் கிடைத்துப் போகும்போது அடுத்து வருபவருக்கு அந்த நோட்டுகளைக் காட்டச் சொல்லுங்கள்.

தேர்வுத் துறைக்கும் ஒரு வேண்டுகோள். அதற்குச் செலவு ஏதும் இல்லை. கொதிநிலையைக் கேட்கும்போது கேள்வியிலேயே 'கடல் மட்டத்தில்' என்று சேர்த்துவிடுங்கள். செய்முறையாக இருந்தால், பிள்ளை கண்ட அளவுக்கு மதிப்பெண் உண்டு என்று விடைக்குறிப்பில் ஒரு வரி எழுதுங்கள். ஏற்காட்டில் 95, கொடைக்கானலில் 93, ஊட்டியில் இன்னும் கொஞ்சம் குறைவு. அந்த ஒரு வரி அச்சாகி மலைக்கு வந்து சேர்ந்தால், "அவங்க அம்மாகிட்ட நான் என்ன சொல்றது" என்ற டீச்சரின் கேள்விக்கு அரசாங்கமே பதில் சொன்னதாக இருக்கும்.