டீயை மருந்தாக்காதீங்க!

மூக்கைப் பிடித்துக்கொண்டு கஷாயம் குடிப்பது போல கிரீன் டீ குடிக்கிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். ஒருவேளை நீங்களே அந்தக் கட்சியோ? 'உடம்பு இளைக்கும்னு சொன்னாங்க... கசக்கத்தான் செய்யுது, என்ன பண்றது?' என்று சலித்துக்கொண்டே டம்ளரில் ஒரு பையைப் போட்டு, கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றி, பத்து நிமிஷம் ஊறவிட்டு, மடக்கென்று விழுங்குவது. பாவம் நாக்கு!

என் கருத்தைப் பளிச்சென்று சொல்லிவிடுகிறேன். டீயை மருந்தாக நினைப்பதை விட்டுவிட்டு, ருசிக்காகக் குடிக்க ஆரம்பியுங்கள். உடம்புக்கும் அதுதான் நல்லது. இதைக் கற்றுக்கொள்ள சீனாவையும் தைவானையும் விட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது. 'டீ' என்ற வார்த்தையே சீனாவின் ஃபூஜியன் கடற்கரைப் பேச்சிலிருந்து கிளம்பியதுதான். 'சாயா'வுக்கு மூலம் சீனத்து 'ச்சா'.

சீனாவிலும் ஒரு காலத்தில் டீயை இஞ்சி, வெங்காயம், ஆரஞ்சுத் தோல் எல்லாம் போட்டுக் கொதிக்கவைத்துத்தான் குடித்தார்கள். எட்டாம் நூற்றாண்டில் லூ யூ என்பவர் டீக்கென்றே ஒரு நூல் எழுதினார். அந்தக் கலவையை அவர் சாக்கடைத் தண்ணீர் என்றே திட்டியிருக்கிறார்! இலையின் ருசியை இலையாகவே அனுபவிக்க வேண்டும் என்பது அவர் கட்சி. என் கட்சியும் அதுதான்.

ஒரே செடி, எத்தனை ருசி!

கிரீன் டீ, பிளாக் டீ, ஊலாங் எல்லாம் வேறு வேறு செடிகள் என்று நினைத்திருக்கிறீர்களா? இல்லை. ஒரே செடிதான். பறித்த பிறகு இலையை என்ன செய்கிறார்கள் என்பதில்தான் வித்தியாசம். சீக்கிரமே சூடு காட்டிவிட்டால் கிரீன் டீ. நன்றாகக் கசக்கி, காற்று பட்டுச் சிவக்க விட்டால் பிளாக் டீ. சீனர்கள் அதைச் 'சிவப்பு டீ' என்பார்கள். சிவப்பதைப் பாதியில் நிறுத்தினால் ஊலாங்.

ஹாங்ஜோ நகரத்துப் பக்கம் விளையும் லோங்ஜிங்கை எடுத்துக்கொள்ளுங்கள். சூடான சட்டியில் கையாலேயே இலையை அழுத்தி அழுத்தி வறுக்கிறார்கள். இலை தட்டையாகிவிடும். வறுத்த பருப்பு மாதிரி ஒரு வாசனை வரும். ஏப்ரல் முதல் வாரத்தில் வருகிற சிங்மிங் நாளுக்கு முன்னால் பறித்த கொழுந்துக்குத்தான் அங்கே கிராக்கி.

தைவானில் ஆயிரம் மீட்டருக்கு மேலே, பனிமூட்டத்தில் வளர்வது அலிஷான் மலை ஊலாங். சின்னச் சின்ன உருண்டைகளாக இருக்கும். வெந்நீர் பட்டதும் மெல்ல மெல்ல விரிந்து இலையாகிவிடும். பார்த்துக்கொண்டே இருக்கலாம். பூ வாசனையும் வெண்ணெய் மாதிரி வழவழப்பும் சேர்ந்து வரும்.

இன்னொரு தைவான் டீயின் கதை இன்னும் வேடிக்கை. 'கீழை அழகி' என்று பெயர். ஒரு குட்டிப் பச்சைத் தத்துப்பூச்சி கடித்த இலையில்தான் அதைத் தயாரிக்கிறார்கள். பூச்சி கடித்ததும் செடி தற்காப்புக்காகச் சில வாசனைப் பொருள்களை உண்டாக்குகிறது. அதனால் டீயில் தேனும் பழுத்த பழமும் கலந்த மணம். பூச்சி வேண்டும் என்பதால் பூச்சிமருந்து அடிக்க முடியாது!

இதுவும் குங்ஃபூதான்

குங்ஃபூ என்றதும் புரூஸ் லீ ஞாபகம் வருகிறதா? தென்சீனாவிலும் தைவானிலும் டீ போடும் முறைக்கும் 'குங்ஃபூ ச்சா' என்றுதான் பெயர். நேரமும் உழைப்பும் போட்டு வருகிற கைப்பழக்கம் என்று அர்த்தம்.

பெரிய வித்தை ஒன்றும் இல்லை. மூடியுள்ள சின்னப் பீங்கான் கிண்ணம் போதும். நூறு மில்லி தண்ணீருக்கு ஐந்து கிராம் ஊலாங். கொதித்த தண்ணீரை ஊற்றி, அரை நிமிஷத்தில் வடித்துவிடுங்கள். அதே இலையில் மறுபடி ஊற்றுங்கள். நல்ல இலை ஐந்தாறு தடவை தாங்கும். ஒவ்வொரு தடவையும் ருசி மாறும். கிரீன் டீக்கு மட்டும் கொதித்த தண்ணீரைச் சில நிமிஷம் ஆறவிட்டு, 80 டிகிரி சுமாருக்கு வந்த பிறகு ஊற்றுங்கள். கசப்புக்குப் பாதிக் காரணம் நம் அவசரம்தான்.

'சரி சார், உடம்புக்கு என்ன லாபம்?'

முதல் லாபம் சர்க்கரை. நாளைக்கு நாலு டம்ளர், டம்ளருக்கு ரெண்டு ஸ்பூன் என்றால் எட்டு ஸ்பூன் ஆச்சு. ஆறு ஸ்பூனுக்குள், அதாவது 25 கிராமுக்குள் நிறுத்தினால் ரொம்ப நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015-ல் சொன்னது. நல்ல இலை சர்க்கரை கேட்காது.

மற்றபடி, டீ குடித்தால் தொப்பை கரையும் என்று கனவு காணாதீர்கள். மாத்திரையாக்கி விற்கிற கிரீன் டீ சாறு பக்கமே போகாதீர்கள். அதன் சத்து நாளைக்கு 800 மில்லிகிராமும் அதற்கு மேலும் உள்ளே போனால் ஈரலைப் பாதிக்கலாம் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு 2018-ல் எச்சரித்தது. வழக்கமாகப் போட்டுக் குடிக்கும் டீயைப் பொதுவாகப் பாதுகாப்பானது என்றே அது சொன்னது.

சாப்பாட்டோடு டீ வேண்டாம். உணவிலுள்ள இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்வதை டீ குறைக்கும். ரத்தசோகை உள்ள பெண்கள் ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடியுங்கள். கர்ப்பிணிகள் எவ்வளவு குடிக்கலாம் என்று டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள். இந்த டீக்களிலும் காஃபின் உண்டு. தூக்கம் வராதவர்கள் சாயங்காலத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். 65 டிகிரிக்கு மேல் கொதிக்கக் கொதிக்கக் குடிப்பது உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்குக் காரணமாகக்கூடும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2016-ல் சொல்லியிருக்கிறது. சின்னக் கப்பில் ஊற்றினால் சீக்கிரம் ஆறிவிடும்!

விலையைப் பார்த்தும் மயங்காதீர்கள். யுன்னான் மாநிலத்து பூ-ஏர் டீ பழசாகப் பழசாக மதிப்பு ஏறும் என்று வாங்கிக் குவித்தார்கள். 2007-ல் விலை சரிந்து பலர் கையைச் சுட்டுக்கொண்டார்கள். உங்களுக்கு ஐம்பது கிராம் போதும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், டி.வி.யை அணைத்துவிட்டு வீட்டில் எல்லோரும் உட்காருங்கள். முதல் கப்பில் என்ன வாசனை, மூன்றாவது கப்பில் என்ன வாசனை என்று பேசிக்கொண்டே குடியுங்கள். எந்த மாத்திரை டப்பாவிலும் கிடைக்காத சுகம் அது!