வீட்டுப் பத்திரத்தைத் தொடுவதற்கு முன்

சென்ற மாதம் காளஹஸ்தி வீட்டுக்குப் போயிருந்தபோது சித்தப்பா மகள் தன் விண்ணப்பக் கட்டுரையை என்னிடம் நீட்டி, "அக்கா, ஆங்கிலத்தை மட்டும் திருத்திக் கொடுங்கள்" என்றாள். செவிலியப் பட்டப்படிப்பை முடித்தவள். பிரிட்டனில் பொதுச் சுகாதார முதுகலை படிக்க விரும்புகிறாள். இடம் உறுதி என்று ஒரு கல்வி முகவர் சொல்லியிருக்கிறார். கட்டணமும் ஓராண்டுச் செலவும் சேர்ந்து 35 லட்சம் ரூபாய். சித்தப்பா கலம்காரித் தொழில் செய்பவர். அவருக்கென்று இருப்பது ஒரே வீடு. அதன் பத்திரம் வங்கிக்குப் போகக் காத்திருக்கிறது.

நான் பொதுச் சுகாதாரம் படித்தவள் அல்லள். மொழியியலில் முதுகலை முடித்து முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருப்பவள். ஆனாலும் அந்தக் கட்டுரையைப் படித்த பிறகு திருத்தப்பட வேண்டியது ஆங்கிலம் அன்று என்று தோன்றியது. அதனால் இதை எழுதுகிறேன். எங்கள் பக்கத்தில் இதே நிலையில் இன்னும் பல வீடுகள் இருக்கின்றன.

முதலில் படிப்பின் பெயரைப் பற்றி. "சுகாதாரம் என்றால் சாக்கடையும் கொசு மருந்தும்தானே, அதற்கு ஏன் லண்டன்?" என்று சித்தப்பா கேட்டார். அவர் கேட்டதில் பிழையில்லை. காளஹஸ்தி சென்னை மாகாணத்தில் இருந்த காலத்தில் வந்த 1939ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டமே குடிநீர், கழிவுநீர், தொற்றுநோய் ஆகியவற்றைப் பற்றியதுதான். தெலுங்கில் இத்துறையைப் பிரஜாரோக்யம் என்பார்கள், அதாவது மக்களின் ஆரோக்கியம். அந்தச் சொல்லைச் சொன்னதும் அவருக்குப் பாதி விளங்கிவிட்டது. மருத்துவர் வந்த நோயாளியைப் பார்க்கிறார். இத்துறையினர் ஒரே தெருவிலிருந்து ஏன் இத்தனை நோயாளிகள் வருகிறார்கள் என்று பார்க்கிறார்கள்.

இனி அவள் கட்டுரை. சிறு வயது முதல் மனித குலத்துக்குத் தொண்டாற்றும் கனவு, உலகத் தரமான கல்வி, பன்னாட்டு அனுபவம் என்று இரண்டு பக்கம். எவர் பெயரை மேலே எழுதினாலும் பொருந்தும். "பயிற்சிக் காலத்தில் உன் மனத்தில் தங்கிய ஒன்றைத் தமிழில் சொல்" என்றேன். அவள் சொன்னது இது. தைராய்டு மாத்திரை சாப்பிடும் தமிழ்ப் பாட்டி ஒருவர். மாதக்கணக்கில் மருந்து கொடுத்தும் பலனில்லை. அந்த மாத்திரையை வெறும் வயிற்றில் சாப்பிட வேண்டும். வெறும் வயிற்றில் என்பதற்குத் தெலுங்கில் 'பரகடுபுன' என்பார்கள். அங்கே கடுபு என்றால் வயிறு. பாட்டியின் காதில் விழுந்தது தமிழ்க் கடுப்பு. வயிற்றுக் கடுப்பு வந்த நாளில் மட்டும் மாத்திரை சாப்பிட்டு வந்திருக்கிறார்!

"இதை ஏன் எழுதவில்லை?" என்று கேட்டேன். "இதெல்லாம் எழுதுவார்களா அக்கா?" என்றாள்.

இதைத்தான் எழுத வேண்டும். தேர்வுக் குழு தேடுவது இப்படிப்பட்ட கண்களையும் காதுகளையும்தான். ஆனால் இவளிடம் இப்படி ஒரு கதைதான் இருக்கிறது. இரண்டு மூன்று ஆண்டு களத்தில் வேலை செய்திருந்தால் முப்பது இருக்கும். என் கருத்து முழுவதும் இதுதான்: பொதுச் சுகாதாரப் படிப்புக்கு வரிசை, முதலில் வேலை, பிறகு உதவித்தொகை, அதன் பிறகு பட்டம். நம் வீடுகளில் முதலில் கடன், பிறகு பட்டம், கடைசியில் வேலை தேடுதல் என்று தலைகீழாக நடக்கிறது.

பணம் தருபவர்களின் விதிகளைப் பாருங்கள். பிரிட்டன் அரசின் செவனிங் உதவித்தொகைக்கு இரண்டு ஆண்டுப் பணி அனுபவம் வேண்டும். அமெரிக்காவுக்கான ஃபுல்பிரைட்–நேரு முதுகலை உதவித்தொகையில் பொதுச் சுகாதாரமும் ஒரு துறை. அதற்கு மூன்று ஆண்டு அனுபவம் கேட்கிறார்கள். கல்லூரியை விட்டு நேற்று வெளியே வந்தவருக்கு இந்தக் கதவுகள் திறப்பதில்லை. வங்கிக் கதவு ஒன்றே திறந்திருக்கிறது. முகவர் இதைச் சொல்லமாட்டார். அவரது ஆலோசனை இலவசமாகக் கிடைப்பதற்குக் காரணம், ஒரு மாணவர் சேர்ந்தால் பல்கலைக்கழகம் அவருக்குத் தரகுத் தொகை தருவதுதான். காத்திருக்கச் சொன்னால் அவருக்கு வருவாய் இல்லை.

கடனின் கணக்கையும் போட்டுப் பார்த்தோம். 35 லட்சம், 11 விழுக்காடு வட்டி, 10 ஆண்டுத் தவணை என்றால் மாதம் ஏறத்தாழ 48,000 ரூபாய். படிக்கும் காலத்து வட்டி அசலில் ஏறினால் இன்னும் கூடும். திரும்பி வந்து இங்கே ஒரு திட்டத்தில் ஒப்பந்தப் பணியில் சேரும் பெண்ணுக்கு இது தாங்குமா? எல்லா மாநிலங்களிலும் பொதுச் சுகாதாரத்துக்கென்று தனிப் பணியணி வேண்டும் என்று 2017ஆம் ஆண்டின் தேசிய நலக் கொள்கை சொல்கிறது. பட்டங்கள் பெருகிய வேகத்தில் பணியிடங்கள் பெருகவில்லை. அரசு பணியிடத்தை உருவாக்காமல் இருக்க, அதன் விலையைச் சித்தப்பாவின் வீடு கொடுப்பது நியாயமன்று.

உள்நாட்டில் வழி இல்லாமல் இல்லை. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தின் அச்சுத மேனன் மையம், புதுச்சேரி ஜிப்மர், மும்பை டாட்டா சமூக அறிவியல் நிறுவனம், ஐதராபாத் மத்தியப் பல்கலைக்கழகம் ஆகியவை மருத்துவர் அல்லாதாரையும் இப்படிப்பில் சேர்த்து வந்திருக்கின்றன. அவ்வாண்டு அறிவிக்கையில் தகுதி விதியைப் பார்த்துக்கொள்ள வேண்டும். வங்கிகளின் மாதிரிக் கல்விக் கடன் திட்டப்படி 7.5 லட்சம் வரை சொத்துப் பிணை தேவையில்லை. 2024 நவம்பரில் ஒப்புதல் பெற்ற பிரதமர் வித்யாலட்சுமி திட்டத்தில், தரவரிசையில் முன்னிற்கும் இந்திய நிறுவனங்களில் சேர்வோர் பிணையின்றிக் கடன் பெறலாம். குடும்ப ஆண்டு வருவாய் 8 லட்சத்துக்குள் இருந்தால் 10 லட்சம் வரையிலான கடனுக்கு வட்டியில் 3 விழுக்காடு சலுகையும் உண்டு.

"காத்திரு என்று சொல்வது உங்களுக்கு எளிது அக்கா. இரண்டு வருடம் வீட்டில் இருந்தால் கல்யாணம் செய்து அனுப்பிவிடுவார்கள்" என்றாள். இதுதான் நான் எதிர்பாராத, நியாயமான மறுப்பு. வெளிநாட்டுப் படிப்பு பல பெண்களுக்குத் திருமணத்தைத் தள்ளிப்போடும் ஒரே மரியாதையான காரணமாக இருக்கிறது. ஆனால் நான் வீட்டில் இருக்கச் சொல்லவில்லை, வேலைக்குப் போகச் சொல்கிறேன். ஆந்திரத்தின் கிராம நல மையங்களில் செவிலியப் பட்டதாரிகளை இடைநிலை நலப் பணியாளர்களாக நியமிக்கிறார்கள். கையில் நியமன ஆணையும் மாதச் சம்பளமும் உள்ள பெண்ணின் பேச்சுக்கு வீட்டில் எடை கூடும். அவள் திருமணத்தை அவசரப்படுத்த மாட்டோம் என்ற வாக்கைச் சித்தப்பாவிடம் நானே கேட்டு வாங்கினேன்.

அவர் நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "துணியைக் கடுக்காயிலும் பாலிலும் ஊறவைக்காமல் கலத்தை வைத்தால் மை பரவிப் போகும். படிப்பும் அப்படித்தான் போலிருக்கிறது" என்றார். பத்திரம் பீரோவுக்குத் திரும்பியது. அவள் வேலைக்கு விண்ணப்பித்திருக்கிறாள்; இன்னும் என்மேல் சிறிது கோபம்தான்.

இதே விண்ணப்பங்களை எழுதிக்கொண்டிருக்கும் தம்பி தங்கையருக்கு ஒரு வேண்டுகோள். கட்டுரையை முதலில் தமிழிலோ தெலுங்கிலோ எழுதுங்கள். எழுத ஒன்றுமில்லை என்று தோன்றினால், அது மொழியின் குறையன்று. இன்னும் களத்துக்குப் போகவில்லை என்பதன் அடையாளம். எழுத இருந்தால் எனக்கு அனுப்புங்கள். ஆங்கிலத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்.