வாரியக் கணக்கைப் பெற்றோர் முன் வையுங்கள்

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில் 28 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. பகுதி உதவி பெறும் பள்ளிகளில் ஆசிரியர் சம்பளத்தைக் கூட்டரசு கொடுக்கிறது. நிலம் தோட்ட நிறுவனத்தின் பெயரிலோ அறநிறுவனத்தின் பெயரிலோ இருக்கும். கட்டடம், மராமத்து என்று வந்தால் மாநில அரசின் மானியத்தையும் பொதுமக்களின் நன்கொடையையும் பள்ளி மேலாளர் வாரியங்கள் பெரிதும் நம்பியிருக்கின்றன. வரிப்பணமும் தர்மப்பணமும் கலக்கும் இந்தக் கணக்கை, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பும் தாய் எங்கே போய்ப் பார்ப்பது?

கல்வி இலாகா பாடத்தைப் பார்க்கிறது. வருமான வரி வாரியம் நன்கொடைக்கான வரிவிலக்கைப் பார்க்கிறது. சங்கப் பதிவிலாகா பதிவுபெற்ற சங்கங்களின் ஆண்டறிக்கையைப் பெற்றுக்கொள்கிறது. மாநில அரசு காசோலையைக் கொடுத்துப் படம் எடுத்துக்கொள்கிறது. முழுக் கணக்கையும் ஒருசேரப் பார்த்துக் கேள்வி கேட்க ஓர் அதிகாரி வேண்டாமா? ஒவ்வொரு கல்விக்கூடத்துக்கும், அது எப்படி நிர்வகிக்கப்பட வேண்டும் என்று வரையறுக்கும் நிர்வாக ஆவணம் வேண்டும் என்கிறது 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம். பொதுப்பணம் போகும் வழியைப் பின்தொடரவென்றே 2024இல் கணக்காய்வுச் சட்டத்தை நாடாளுமன்றம் திருத்தியது. பெரிய நிறுவனங்களிடம் கேட்கும் கேள்வியைப் பள்ளி வாரியத்திடம் கேட்கத் தயங்குவது கண்டனத்துக்குரியது.

மேற்பார்வை தளர்ந்தால் போவது பணம் மட்டுமல்ல. தமிழ்நாட்டின் கும்பகோணத்தில் 2004 ஜூலை 16 அன்று ஸ்ரீகிருஷ்ணா பள்ளிக் கட்டடத்தில் 94 குழந்தைகள் தீயில் கருகி இறந்தார்கள். அரசு உதவி பெறும் பள்ளி அது. ஓலைக்கூரை வேய்ந்த சமையலறையும் நெரிசலான வகுப்பறைகளும் அதிகாரிகளின் கண்ணுக்குத் தெரியாமலா இருந்தன? 2014இல் தஞ்சாவூர் நீதிமன்றம் பள்ளி நிறுவனரோடு கல்வித்துறை அலுவலர்களையும் தண்டித்தது. மேல்முறையீட்டில் சிலர் விடுதலையானார்கள். பார்க்க வேண்டியவர் பாராமல் விட்டதன் விலையைப் பிள்ளைகள் கொடுத்தார்கள்.

வாரியங்களில் கைக்காசு போட்டு உழைக்கும் நல்லவர்கள் பலர் உண்டு. அவர்களைப் பழிச்சொல்லிலிருந்து காப்பதும் தணிக்கை செய்த கணக்குதான். அதைக் கேட்டால் "சமூகத்தைக் காட்டிக்கொடுக்கிறாய்" என்று வாயடைப்பவர்களைச் சமூகத் தலைவர்கள் என்று இனியும் அழைக்க முடியாது. 1816இல் பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் தமிழ் வகுப்பு தொடங்கிய மாநிலம் இது. இங்கே கணக்குக் கேட்பது குற்றமாகிவிடக் கூடாது.

மாநில அரசு உடனே ஆணையிட வேண்டும்: தணிக்கை செய்த கணக்கைப் பள்ளி அறிவிப்புப் பலகையிலும் இணையத்திலும் வெளியிடாத வாரியத்துக்கு அடுத்த மானியம் கிடையாது. பிள்ளைகளின் அவசரத் தேவைகளை மட்டும் அரசே நேரடியாகச் செய்து தரட்டும். கல்வி இலாகா ஒவ்வொரு வாரியத்தின் நிர்வாக ஆவணத்தையும் சரிபார்த்து, முடிவைப் பகிரங்கமாகச் சொல்லட்டும். பெற்றோரே, அடுத்த பெற்றோர் ஆசிரியர் சங்கப் பொதுக்கூட்டத்தில் எழுந்து நின்று வாரியத்தின் கணக்கைக் கேளுங்கள். தரும்வரை கேளுங்கள்.