கேபிளைப் பிடுங்கிக் காட்டிவிட்டு பில் கேளுங்கள்

திருவனந்தபுரம் ஆரியசாலையில் கடைகளுக்கு நெட்வொர்க் அமைத்துக் கொடுப்பது என் தொழில். சாலைக் கடைத்தெருவை ஒட்டிய இந்தப் பகுதியில் மொத்த வியாபாரம் செய்பவர்களில் தமிழர்கள் நிறைய. தலைமைக் கடை இங்கே இருக்கும், கிடங்கு நாகர்கோவிலில், கிளை தென்காசியிலோ கொல்லத்திலோ. பில்லிங் சாப்ட்வேரின் சர்வர் தலைமைக் கடையில் ஓடும். கிளையில் பில் போடும் பெண் பட்டனைத் தட்டிவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டிருப்பார். உடனே முதலாளியிடமிருந்து எனக்குப் போன் வரும்: "தம்பி, நூறு எம்பி லைன் எடுத்தாச்சு, அப்புறமும் ஏன் இழுக்குது?"

லைனின் அகலம் வேறு, தூரம் வேறு. கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர்தான் ஓடும். உதாரணத்துக்கு, இங்கிருந்து சென்னைக்குப் போய்த் திரும்ப அதற்கே ஏழெட்டு மில்லிவிநாடி வேண்டும். சுற்றுவழியும் நடுவிலுள்ள கருவிகளும் சேர்ந்தால் அது 30, 40 ஆகிவிடும். ஒரு பில்லை முடிக்க சாப்ட்வேர் ஒன்றன்பின் ஒன்றாக ஆயிரம் கேள்வி கேட்டால் 30 விநாடி போயிற்று. லைனை இருநூறு எம்பி ஆக்கினாலும் அந்த 30 விநாடி குறையாது. பழைய கம்ப்யூட்டர்கள் இன்னொரு விதத்திலும் கையைக் கட்டும். 64 கிலோபைட் அனுப்பியதும் 'வந்து சேர்ந்தது' என்று பதில் வரும்வரை நின்றுவிடும். போய்வர 100 மில்லிவிநாடி ஆகும் தடத்தில், எவ்வளவு பெரிய லைன் வாங்கினாலும் அந்த இணைப்பு ஐந்தேகால் எம்பியைத் தாண்டாது. இதற்குத் தீர்வு 1992-லேயே வந்துவிட்டது. அது எட்டாத மெஷின்கள் இன்றும் கடைகளில் ஓடுகின்றன.

இதற்காகத்தான் இரு முனையிலும் ஒரு பெட்டி வைக்கிறோம். ஒருமுறை அனுப்பிய தகவலை அது நினைவில் வைத்துக்கொள்ளும். அதே தகவல் மறுபடி வந்தால் சின்னக் குறியீட்டை மட்டும் அனுப்பும். சில கேள்விகளுக்கு மறுமுனைவரை போகாமல் இங்கேயே பதில் சொல்லிவிடும். 2002-இல் அமெரிக்காவில் தொடங்கிய ரிவர்பெட் நிறுவனம் இத்தகைய பெட்டிகளை விற்றுத்தான் வளர்ந்தது. மறையாக்கம் செய்த தகவலை, சாவி கொடுக்காவிட்டால், பெட்டியால் சுருக்க முடியாது. வாங்கும் முன் இதைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

பெட்டி ஒன்று இருந்து அது படுத்துவிட்டால் கிளை முழுவதும் பழையபடி இழுக்கும். அதனால் இரண்டு மூன்றைச் சேர்த்து கிளஸ்டர் போடுகிறார்கள். ஏமாற்றமும் இங்கேதான் தொடங்குகிறது. நான் பார்த்த ஒரு நிறுவனத்தில் இரண்டு பெட்டிகளும் ஒரே யூபிஎஸ்ஸில் செருகப்பட்டிருந்தன. யூபிஎஸ் போனது, இரண்டும் போயின. இரண்டு லைன்கள் என்று காசு வாங்கிக்கொண்டு ஒரே குழிக்குள் இரண்டு கேபிளையும் புதைத்த இடங்களும் உண்டு. ஜேசிபி ஒருமுறை தோண்டினால் போதும்.

சுமைக் கணக்கு இதைவிட முக்கியம். இரண்டு பெட்டிகளும் 70 சதவீதச் சுமையில் ஓடினால் விற்பவர் அதைத் திறமை என்பார். ஒன்று விழுந்தால் மற்றது 140 சதவீதத்தைத் தாங்க வேண்டும். தலைக்கு எழுபது கிலோ சுமக்கும் இரண்டு சுமட்டுத் தொழிலாளிகளில் ஒருவர் உட்கார்ந்துவிட்டால், இன்னொருவர் தலையில் 140 கிலோவை ஏற்றுவோமா? இரண்டு பெட்டி என்றால் ஒவ்வொன்றும் பாதிக்குக் கீழே ஓட வேண்டும். அதோடு, ஒரு பெட்டி வழியாகத் தொடங்கிய உரையாடல் அதே பெட்டி வழியாகத் திரும்பி வரவேண்டும். பதில் வேறு பெட்டிக்குப் போனால் அதற்கு ஒன்றும் புரியாது. விழுந்த பெட்டிக்குப் பதிலாக வந்து நிற்கும் புதிய பெட்டியின் நினைவும் காலி. அது மறுபடி நிரம்பும்வரை வேகம் குறைவாகத்தான் இருக்கும். இவ்வளவையும் வாடிக்கையாளரிடம் முன்கூட்டியே சொல்பவர்கள் மிகக் குறைவு.

கடைக்காரர் என்றால் நஷ்டம் அவரோடு போகும். அரசு அலுவலகம் அப்படியல்ல. திருவனந்தபுரம், கொச்சி, கோழிக்கோடு ஆகிய மூன்று மையங்களை வைத்துக் கேரள அரசின் விரிபரப்பு வலையமைப்பு ஓடுகிறது. 2023 ஜூன் 5 அன்று தொடங்கிவைக்கப்பட்ட கே-ஃபோன், மின்வாரியக் கம்பங்கள் வழியே இழை இழுத்து 30,000 அரசு அலுவலகங்களை இணைக்கும் திட்டம். தமிழ்நாட்டில் 12,525 கிராம ஊராட்சிகளை இணைக்கும் வேலை டான்ஃபிநெட் நிறுவனத்தின் கையில். இரண்டும் மனதார வரவேற்க வேண்டிய முயற்சிகள். ஆனால் இழை போட்ட கிலோமீட்டரையும் எம்பி கணக்கையும் மட்டும் பேசிக்கொண்டிருந்தால் போதாது; ஒன்று விழுந்தால் இன்னொன்று தாங்குமா என்றும் பார்க்க வேண்டும். வருமானச் சான்றிதழுக்குக் கிராம அலுவலகத்தில் கால்கடுக்க நிற்கும் பெரியவருக்கு 'சர்வர் டவுன்' என்ற ஒரே பதில்தான் கிடைக்கிறது. அவருடைய அன்றைய கூலி போனதுதான் மிச்சம்.

ஒப்பந்தப்புள்ளியில் ஒரு நிபந்தனையைச் சேருங்கள். வேலை நேரத்தில், அலுவலகம் நிறையக் கூட்டம் இருக்கும்போது, ஓடிக்கொண்டிருக்கும் பெட்டியின் கேபிளை அதிகாரி தன் கையால் பிடுங்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை நள்ளிரவில் செய்து பார்ப்பது சோதனையே அல்ல. ஓணத்துக்கு முந்தின வாரமோ, வேளிமலை முருகன் ஆரியசாலைக் கோயிலில் வந்து தங்கும் நவராத்திரி நாட்களோ எங்கள் கடைகளுக்கு உச்சநேரம். அந்த நெரிசலைத் தாங்கும் அளவுக்குத்தான் நான் கணக்குப் போடுகிறேன். அரசும் அப்படியே போடட்டும். கவுன்டரில் வேலை தடைபடாவிட்டால் பில்லை பாஸ் பண்ணுங்கள். தடைபட்டால் திருப்பி அனுப்புங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை இதைச் செய்து, முடிவை மக்கள் பார்க்கும்படி வெளியிடுங்கள்.