நெய்யில் தோய்த்த ஏடுகளும் கணினிக் கிடங்கும்

சங்கரன்கோவிலிலிருந்து ராஜபாளையம் போகும் சாலையில் இருக்கிறது கரிவலம்வந்தநல்லூர். பால்வண்ணநாதர் கோயிலால் பெயர் பெற்ற ஊர். பழந்தமிழ் ஏடுகளைத் தேடி ஊர் ஊராக அலைந்த உ.வே.சாமிநாதையர் இங்கேயும் வந்தார். பாண்டியர் மரபில் வந்தவர்கள் சேர்த்து வைத்திருந்த சுவடிகள் இந்தக் கோயிலில் இருப்பதாக அவருக்குத் தகவல் கிடைத்திருந்தது. ஆசையோடு வந்து விசாரித்தவருக்குக் கிடைத்த பதில் பேரிடி. பழைய ஏடுகளைக் கண்ட இடத்தில் போடக் கூடாது என்று, அவற்றை நெய்யில் தோய்த்து ஹோமத் தீயில் இட்டுவிட்டார்களாம்! இந்த வேதனையை அவர் பின்னாளில் எழுதியும் வைத்தார்.

எரித்தவர்கள் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. பக்தியோடுதான் செய்தார்கள். ஆனால், ஏட்டில் என்ன இருக்கிறது, வேறு எங்காவது அதற்குப் பிரதி இருக்கிறதா என்று யாரும் பார்க்கவில்லை. எரிந்தவற்றில் என்னென்ன நூல்கள் இருந்தன என்பது இன்றைக்கும் தெரியாது.

கிடங்கு நிறைந்துவிட்டது, எதை வைத்துக்கொள்வது, எதைக் கழிப்பது? இந்தக் கேள்வி ஓலையோடு முடிந்துவிடவில்லை. உங்கள் கையில் இருக்கும் போனுக்குள் ஓடும் ஒவ்வொரு செயலிக்குப் பின்னாலும் இதே கேள்வி இருக்கிறது. அங்கே இதற்கு அழகான ஒரு விடை கண்டுபிடித்திருக்கிறார்கள்.

மென்பொருள் எழுதுகிறவர்கள் ஒரே கோப்பை நூறு முறை திருத்துவார்கள். நேற்று சரியாக ஓடியது இன்று ஓடாது; நேற்றைய வடிவம் வேண்டும் என்பார்கள். அதனால் ஒவ்வொரு திருத்தத்தையும் தேதி, பெயர், காரணத்தோடு சேமித்து வைக்கும் கருவிகள் வந்தன. அவற்றில் இன்று அதிகம் புழங்குவது ‘கிட்’. லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2005 ஏப்ரலில் எழுதியது. பெங்களூரு, சென்னை மட்டுமல்ல, தென்காசி பக்கத்து மத்தளம்பாறையிலும் மென்பொருள் அலுவலகம் இயங்கும் காலம் இது. உங்கள் வீட்டுப் பிள்ளைகள் யாராவது இந்தத் துறையில் இருந்தால் கேட்டுப் பாருங்கள், கிட் இல்லாமல் அவர்களுக்கு ஒருநாள்கூட ஓடாது.

கிட் முதலில் செய்யும் வேலை கொஞ்சம் ஊதாரித்தனமாகத் தெரியும். 1,000 வரி உள்ள கோப்பில் ஒரே ஒரு வரியை மாற்றிச் சேமித்தாலும், முழுக் கோப்பையும் சுருக்கிப் புதிதாக ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்ளும். நூறு முறை திருத்தினால் நூறு முழுப் பிரதிகள். ஆனால், உள்ளடக்கத்தைக் கணக்கிட்டு அதிலிருந்தே 40 எழுத்து, எண்கள் கொண்ட ஒரு பெயரை ஒவ்வொரு பிரதிக்கும் வைக்கும். ஒரே உள்ளடக்கம் என்றால் ஒரே பெயர். அதனால் துளியும் மாறாத கோப்பை இரண்டாவது முறை சேமிக்காது.

இப்படி உதிரியாகக் கிடக்கும் பிரதிகள் சுமார் 6,700-ஐத் தாண்டினால், கிட் தானாகவே ஒரு வேலையைத் தொடங்கும். அதற்குப் பெயர் ‘ஜிசி’. அதாவது, ஒதுங்க வைத்துக் குப்பை அகற்றும் வேலை. உதிரிகளையெல்லாம் ஒரே கட்டாகக் கட்டும். கட்டும்போது ஒன்றுபோல் இருக்கும் பிரதிகளைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடும். ஒன்றை முழுதாக வைத்துக்கொண்டு, மற்றவற்றுக்கு ‘இந்த இடத்தில் மட்டும் இப்படி மாறுகிறது’ என்ற குறிப்பை மட்டும் வைக்கும். பெரும்பாலும் புதிய வடிவம் முழுதாக இருக்கும். அடிக்கடி தேவைப்படுவது அதுதானே! பழையது வேண்டுமென்றால் குறிப்பைப் பார்த்து அப்படியே மறுபடி உருவாக்கித் தந்துவிடும். ஓர் எழுத்துகூடக் குறையாது.

சாமிநாதையரின் பதிப்புகளைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. 1887-ல் சீவக சிந்தாமணி, 1889-ல் பத்துப்பாட்டு, 1894-ல் புறநானூறு என்று அவர் அச்சிட்டபோது, கிடைத்த ஏடுகளையெல்லாம் ஒப்பிட்டார். ஏட்டுக்கு ஏடு சொல் மாறியிருக்கும். அதற்காக ஒவ்வோர் ஏட்டையும் தனித்தனிப் புத்தகமாகப் போடவில்லை. ஒரு பாடத்தை முழுதாக அச்சிட்டு, மாறுபடும் இடங்களைப் பாடபேதமாக அடிக்குறிப்பில் கொடுத்தார். பல சுவடிகளின் சாரம் ஒரு புத்தகத்தில் அடங்கியது. கிட் செய்வதும் கிட்டத்தட்ட இதே வேலைதான்.

சரி, எதைத்தான் தூக்கிப் போடுகிறது? ஓலைச் சுவடியில் துளை போட்டுக் கயிறு கோத்திருப்பார்கள். கயிற்றில் கோத்த ஏடு சுவடியோடு இருக்கும். உருவி விழுந்த ஏடு எங்கோ கிடக்கும். கிட்டிலும் ஒவ்வொரு சேமிப்பும் தனக்கு முந்தியதைக் கைகாட்டும். இன்றைய வடிவத்திலிருந்து அந்தக் கயிற்றைப் பிடித்துப் பின்னோக்கிப் போனால் எட்டுகிற எதையும் அது தொடாது. பத்து வருஷப் பழசானாலும் சரிதான். எந்தக் கயிற்றிலும் இல்லாத உதிரிகள் மட்டும்தான் கழிவு.

அதையும் உடனே கழிப்பதில்லை. கயிற்றிலிருந்து நழுவிய சேமிப்புகளின் நடமாட்டத்தை ஒரு நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கும். வழக்கமான அமைப்பில் அந்தக் குறிப்பு 30 நாள் இருக்கும். குறிப்பும் காலாவதியாகி, பிரதியும் 2 வாரத்துக்கு மேல் பழசாகியிருந்தால்தான் நீக்கும். தெரியாமல் அழித்துவிட்டுத் தலையில் கைவைத்து உட்கார்ந்தவர்கள் எத்தனையோ பேரைக் காப்பாற்றியது இந்த அவகாசம்தான்.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. யாரோ ஒருவர் பெரிய வீடியோவையோ, வங்கிக் கடவுச்சொல்லையோ தவறிப்போய் உள்ளே சேர்த்துவிட்டு, மறுநாள் நீக்கினால் அது போய்விடாது. பழைய சேமிப்பில் கயிறு கோத்தபடியே இருக்கும். எத்தனை முறை ஜிசி ஓட்டினாலும் அசையாது. நீக்க வேண்டுமென்றால் வரலாற்றையே திருத்தி எழுத வேண்டும். அதற்குள் யாராவது நகல் எடுத்திருந்தால் அதுவும் வீண். அதனால்தான் கடவுச்சொல் வெளியே போய்விட்டால் முதலில் அதை மாற்றச் சொல்கிறார்கள்.

மென்பொருளுக்கும் நமக்கும் சம்பந்தமில்லை என்று நினைக்க வேண்டாம். ‘இடமில்லை’ என்று போன் சொன்னதும் நாம் என்ன செய்கிறோம்? கண்ணில் பட்டதையெல்லாம் அழிக்கிறோம். காலை வணக்கப் படங்களோடு சேர்ந்து, மறைந்த தாத்தாவின் குரல் பதிவும் போய்விடுகிறது. வீட்டுப் பரணில் பழைய காகிதக் கட்டைப் போகிக்கு எரிப்பவர்கள், உள்ளே மூலப்பத்திரம் இருக்கிறதா என்று பிரித்துப் பார்ப்பதில்லை.

அடுத்த முறை சுத்தம் செய்யும்போது மூன்று விஷயங்களை நினைவில் வையுங்கள். முதலில் இரட்டைப் பிரதிகளை மட்டும் நீக்குங்கள். பாதி இடம் அதிலேயே கிடைத்துவிடலாம். ஒரு செயலியின் ‘கேஷ்’ஷை அழித்தால் அது தேவையானதைத் திரும்ப எடுத்துக்கொள்ளும், ‘டேட்டா’வை அழித்தால் உங்களுடையதும் போய்விடலாம், கவனம். சந்தேகம் இருப்பதைத் தனியாக ஒரு இடத்தில் இரண்டு வாரமாவது போட்டு வையுங்கள். வீட்டில் மற்றவர்களையும் ஒரு வார்த்தை கேளுங்கள். உங்களுக்குக் குப்பையாகத் தெரிவது, அம்மா தேடிக்கொண்டிருக்கும் போட்டோவாக இருக்கலாம்.