கேம்பர் அவுட்டா? முதலில் ஜாக்கியைக் கீழே வையுங்கள்

வீல் அலைன்மென்ட் கடையில் கம்ப்யூட்டர் திரையில் ஒரு எண் சிவப்பாக வந்துவிட்டால் போதும், அடுத்த வசனம் ரெடி. "சார், டோ பண்ணியாச்சு. கேம்பர் அவுட்டு. வீலுக்கு முந்நூறு ஆகும், பண்ணிடலாமா?" சிவப்பைப் பார்த்த பயத்தில் நாமும் தலையாட்டுவோம். ஹைட்ராலிக் ஜாக்கி வரும். ஸ்ட்ரட்டில் மாட்டி ஒரு அமுக்கு. எண் பச்சையாகிவிடும். கையில் பிரிண்ட்-அவுட், மனசில் நிம்மதி.

அந்த நிம்மதி பொய் என்பதுதான் என் வாதம்.

முதலில் பாலபாடம். வண்டிக்கு முன்னால் நின்று பார்த்தால் சக்கரம் செங்குத்திலிருந்து எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பது கேம்பர். மேற்பக்கம் உள்ளே சாய்ந்தால் மைனஸ், வெளியே சாய்ந்தால் பிளஸ். மேலேயிருந்து பார்த்தால் சக்கரம் நேர்க்கோட்டிலிருந்து எவ்வளவு திரும்பியிருக்கிறது என்பது டோ. இரண்டும் வேறு வேறு சமாச்சாரம்.

மாருதி 800 தொடங்கி நம் ஊர்ச் சின்னக் கார்களில் பெரும்பாலானவற்றுக்கு முன்பக்கம் மெக்பெர்சன் ஸ்ட்ரட்தான். இவற்றில் டை ராடைத் திருகி டோவை மாற்றலாம். கேம்பரை மாற்ற அநேகமாக கம்பெனி எந்த வழியும் வைத்திருக்காது. ஸ்ட்ரட், நக்கிள், லோயர் ஆர்ம் ஆகியவற்றின் அளவிலேயே அது அமைந்துவிடுகிறது. திடீரென்று ஒரு பக்கம் கேம்பர் மாறியிருந்தால் ஏதோ ஒன்று வளைந்திருக்கிறது, அல்லது தேய்ந்திருக்கிறது, அல்லது ஸ்பிரிங் இறங்கியிருக்கிறது. அதைக் கண்டுபிடிக்காமல் ஸ்ட்ரட்டை வளைப்பது, 103 டிகிரி காய்ச்சலுக்கு தெர்மாமீட்டரை ஐஸ் தண்ணீரில் முக்கி எடுப்பது மாதிரி. எண் சரியாகிவிடும். காய்ச்சல்?

எங்கள் வீட்டு வண்டியிலும் இதே கூத்து நடந்தது. இடது முன் சக்கரம் "அவுட்டு" என்றார்கள், அப்பா சரி என்றார், அமுக்கினார்கள். நாலே மாதத்தில் அந்த டயரின் உள் ஓரம் மொட்டை. வேறொரு மெக்கானிக் வண்டியைத் தூக்கி ஒரு கடப்பாரையை விட்டு நெம்பினார். லோயர் ஆர்ம் புஷ் கிழிந்து தொங்கிக்கொண்டிருந்தது. "தம்பி, புஷ்ஷை மாத்தியிருந்தா முடிஞ்சிருக்கும். இப்போ வளைச்ச ஸ்ட்ரட்டையும் சேர்த்து மாத்தணும்" என்றார். ஸ்ட்ரட்டுக்குள்தான் ஷாக் அப்சார்பரின் ராட் ஏறி இறங்குகிறது. குழாய் கொஞ்சம் கோணினாலும் ராட் உரசும், சீல் போகும், ஆயில் கசியும். முந்நூறு ரூபாய் வேலை எத்தனை ஆயிரத்தில் முடிந்தது என்று அப்பாவிடம் மட்டும் கேட்டுவிடாதீர்கள் :-(

"டயர் தேயுதே, கேம்பர் பார்க்க வேண்டாமா?" என்பீர்கள். பாருங்கள். ஆனால் டோவை முதலில் பாருங்கள். கணக்கு சின்னதுதான். ஒரு டயர் போகும் திசையிலிருந்து கால் டிகிரி விலகி நின்றால், ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் சுமார் 4.4 மீட்டர் பக்கவாட்டில் உரசப்படுகிறது. 5,000 கிலோமீட்டர் ஓடினால் 22 கிலோமீட்டர்! அரை டிகிரி கேம்பர் வித்தியாசத்துக்கு டயர் இப்படி அழாது. டயர் மேல் குறுக்காக உள்ளங்கையை ஓட்டிப் பாருங்கள். ஒரு பக்கம் போகும்போது வழவழப்பும், திரும்பி வரும்போது ரம்பம் மாதிரி சுரசுரப்பும் இருந்தால் குற்றவாளி டோ. ஒரு ஓரம் மட்டும் ஒரே சீராக மழமழவென்று தேய்ந்திருந்தால் கேம்பர் மேல் சந்தேகப்படலாம்.

இன்னொரு கோஷ்டி உண்டு. நம் வகுப்பிலேயே இருக்கிறார்கள், பெயர் சொல்லவில்லை. "மச்சி, எஃப்1 கார்ல மைனஸ் மூணு டிகிரி இருக்குடா" என்று தாங்களே போய் சக்கரத்தைச் சாய்ப்பவர்கள். ரேஸ் காரில் அது வளைவுக்காக. வேகமாகத் திரும்பும்போது வெளிப்பக்க டயருக்கு முழுப் பிடிப்பு கிடைக்க முன்கூட்டியே சாய்த்து வைக்கிறார்கள். நாம் காலேஜுக்குப் போவது நேர் ரோட்டில், முன்னால் ஒரு டவுன் பஸ். நேராகப் போகும்போது அவ்வளவு சாய்ந்த டயர் உள் ஓரத்தில்தான் பாரத்தைச் சுமக்கும். அந்த ஓரம் மொட்டையான பிறகு மழையில் சடன் பிரேக் போட்டால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். ரேஸிலேயே இதற்கு விலை உண்டு. 2011 பெல்ஜியம் கிராண்ட் பிரீயில் ரெட் புல் அணி, பைரெல்லி பரிந்துரைத்த 4 டிகிரியைத் தாண்டி முன் கேம்பர் வைத்தது. தகுதிச் சுற்றிலேயே முன் டயர்கள் கொப்புளித்துவிட்டன. வெட்டல்தான் ஜெயித்தார், ஆனால் டயரைக் காப்பாற்ற ஆரம்பத்திலேயே பிட்டுக்கு ஓட வேண்டியிருந்தது. நமக்கு ஏது பிட்?

நியாயமாக ஒன்று சொல்லிவிடுகிறேன். சில வண்டிகளில் கேம்பரை மாற்ற கம்பெனியே தனி போல்ட் கொடுத்திருக்கிறது. அதைத் திருகி, பிறகு டோவையும் மறுபடி சரிசெய்தால் தப்பே இல்லை. என் சண்டை ஜாக்கியோடு மட்டும்தான்.

அடுத்த முறை கடைக்குப் போனால் முதலில் டயரில் காற்று சரிபார்க்கச் சொல்லுங்கள். பிறகு பால் ஜாயின்ட், டை ராட் எண்ட், புஷ் எல்லாவற்றிலும் ஆட்டம் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அதற்குப் பிறகுதான் கம்ப்யூட்டர். அதிலும் கேம்பர் சிவப்பாக வந்தால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "எந்த பார்ட் போயிருக்கு அண்ணே?"

பதில் தெரியாதவர் கையில் ஜாக்கியைக் கொடுக்காதீர்கள்.