புது மண்டபத்தைப் பூட்டி வைக்கலாமா?

மதுரை மீனாட்சி அம்மன் கோவிலின் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே புது மண்டபம் இருக்கிறது. பெயர்தான் புதுசு. வயது ஏறக்குறைய 400 ஆண்டு!

1623 முதல் 1659 வரை மதுரையை ஆண்ட திருமலை நாயக்க மன்னர், கோடைக்கால வசந்த விழாவுக்காக இதைக் கட்டினார். சாமி எழுந்தருளும் நடு மேடையைச் சுற்றி, தண்ணீர் நிற்பதற்கு அகழி போல ஒரு பள்ளம் அமைத்தார்கள். தண்ணீர் நின்றால் வெயில் காலத்தில் உள்ளே குளிர்ச்சியாக இருக்கும். மின்விசிறி இல்லாத காலத்து யோசனை அது.

இந்த மண்டபத்தில் நெடுங்காலம் கடைகள் நடந்தன. யாளிச் சிற்பத்துக்குப் பக்கத்தில் தையல் இயந்திரம் கடகடவென்று ஓடும். தூணில் நாயக்க மன்னர் சிலையாக நிற்பார். சற்றுத் தள்ளி பித்தளைக் குத்துவிளக்குக்குப் பேரம் நடக்கும். வளையல், பக்திப் புத்தகம், சாமிக்குச் சாத்தும் துணி எல்லாம் அங்கே கிடைத்தன. ரவிக்கை தைக்கக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கும் பெண்கள், பொழுது போகச் சிலைகளைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

தீ வந்தது

2018 பிப்ரவரி 2-ந் தேதி இரவு, கோவிலுக்குள் வீரவசந்தராயர் மண்டபத்தில் தீப்பிடித்தது. கடைகள் எரிந்தன. கல் மண்டபமும் பலத்த சேதம் அடைந்தது. அதன் பிறகு கோவில் கடைகளை அகற்றினார்கள். புது மண்டபத்துக் கடைக்காரர்களுக்குக் குன்னத்தூர் சத்திரத்தில் இடம் கொடுத்தார்கள்.

இதைத் தவறு என்று சொல்ல முடியாது. தூணில் ஆணி அடிப்பதும், சிலை மேல் மின்சாரக் கம்பி இழுப்பதும் நல்லதா? ஒரு தீப்பொறி போதுமே!

ஆனால், கடைகளை எடுத்ததோடு வேலை முடிந்துவிடவில்லை. ஆள் வராத மண்டபம் வௌவாலுக்குத்தான் வீடு. பழைய கட்டிடத்தைக் காப்பாற்றுகிறவர்கள் பெரும்பாலும் கல்லைத்தான் எண்ணுகிறார்கள், உட்கார வருகிற மனிதரை எண்ணுவதில்லை.

புதிதாகக் கட்டுகிறவர்களும் இப்படித்தான். பத்து மாடி, பளபளக்கும் கண்ணாடி, சுற்றிலும் ஆள் உயர மதில், வாசலில் காவலாளி! வெயிலில் நடந்து வருகிற கிழவிக்கு ஒதுங்க ஒரு சாண் நிழல் கிடையாது. முன்பு ஏழை வீட்டிலும் ஒரு திண்ணை இருந்தது. சென்னை பாண்டி பஜாரில் 2019-ல் நடைபாதையை அகலமாக்கி, உட்கார இடமும் போட்டார்கள். வாங்க ஒன்றுமில்லாதவர்கள் கூட அங்கே குடும்பத்தோடு வந்து உட்கார்ந்தார்கள்.

புது மண்டபத்தில் கடை வேண்டாம். ஆனால் பூட்டும் வேண்டாம். வெளியூர் பக்தர்கள் கால் நீட்டி உட்காரட்டும். மாலையில் நாதஸ்வரமோ கதாகாலட்சேபமோ நடக்கட்டும். பள்ளிப் பிள்ளைகளுக்குச் சிலைகளின் கதையைச் சொல்ல ஒருவர் இருக்கட்டும். வைகாசி வெயிலில் அந்தப் பள்ளத்தில் தண்ணீரையும் நிரப்பினால், மதுரைக் குழந்தைகள் வராமலா போவார்கள்?